ஆறாயிரத்து எழுநூற்றுப் பன்னிரண்டு கிலோமீட்டர்

எர்மெஸ் கவட்சூத்தியோடு நான் ஐம்பத்து மூன்று வருடம் குப்பை கொட்டியிருக்கிறேன். அவனைப் பற்றி ஊரில் யாரைக் கேட்டாலும் ஒரே மாதிரிதான் சொல்வார்கள்: நல்ல மனுஷன், அதிர்ந்து பேசமாட்டான். அவன் பேசவே மாட்டான் என்பதைத்தான் அப்படி மரியாதையாகச் சொல்கிறார்கள். கூடவே இருந்து பார்த்தவளுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

பதினேழு வயதில் எங்கள் இத்தாலியின் மோதெனா நகரத்துப் பெரிய கார் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தான். முதல் வருடம் தகடு தேய்த்தான். அடுத்த முப்பத்து நான்கு வருடமும் கதவு மாட்டினான். வேறு எதுவும் செய்யவில்லை. கதவைத் தூக்கி, கீலில் உட்கார வைத்து, ஒரு விரலால் தள்ளி, அது மூடும் சத்தத்தைக் கேட்பான். சத்தம் பிடிக்காவிட்டால் கழற்றி மறுபடி மாட்டுவான். மேஸ்திரிகள் கத்திப் பார்த்து அலுத்துப்போய் விட்டுவிட்டார்கள். அந்தக் காது வீட்டுக்கும் வந்தது. நான் ஃபிரிட்ஜ் கதவை மூடினால் முகம் சுளிப்பான். ஒருமுறை தேவாலயத்தில் பூசை நடந்துகொண்டிருக்கும்போதே எழுந்துபோய், பாவமன்னிப்புக் கூண்டின் கதவுக் கீலை ஷூவால் தட்டிச் சரிசெய்துவிட்டு வந்து உட்கார்ந்தான். நான் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

நான் நீவெஸ். பால் லாரி ஓட்டினவள். இருபத்திரண்டு வருடம் விடிகாலை நாலரைக்குக் கிளம்பி, தொழுவம் தொழுவமாகப் போய்ப் பால் ஏற்றி, சீஸ் ஆலையில் கொண்டு கொட்டியிருக்கிறேன். எங்கள் சமவெளியில் நவம்பர் மூடுபனி இறங்கினால் நீட்டிய கையே தெரியாது. அதிலும் ஒருநாள்கூட நான் லாரியைக் கால்வாயில் விட்டதில்லை. எர்மெஸ் ஓட்டினால் சைக்கிளே தள்ளாடும். எங்கள் வீட்டில் வண்டி ஓட்டத் தெரிந்த ஆள் நான்தான். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நான்தான் மறந்துபோனேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்று நான்கு செப்டம்பரில் அவன் ஓய்வு பெற்றான். கையில் கொஞ்சம் மொத்தப் பணம் வந்தது. எங்கள் வீட்டில் சமையலறை, படுக்கையறை எல்லாமே மாடியில். இருபத்திரண்டு படி. கீழே கார் கொட்டகையும் விறகு அறையும் மட்டும். பணம் வந்ததும் கீழே ஓர் அறையும் குளியலறையும் கட்டுவது என்று பேச்சு. பேச்சு என்றால் நான் பேசினேன், அவன் தலையாட்டினான்.

அன்றைக்கு நான் தொர்தெல்லீனி மடித்துக்கொண்டிருந்தேன். மாவைச் சின்னச் சின்னச் சதுரமாக வெட்டி, நடுவில் கறியும் சீஸும் சேர்ந்த பூரணம் வைத்து, விரலில் சுற்றி மடிக்க வேண்டும். முந்நூறு உருப்படி முடிந்திருந்தது. எர்மெஸ் படியேறி வந்து, மாவுப் பலகையின் ஓரத்தில் ஒரு சாவியை வைத்தான்.

"என்ன இது?" என்றேன்.

"காரு."

"யாரோடது?"

அவன் வாயைத் திறந்தான். நான் காத்திருக்கவில்லை. ஜன்னலுக்குப் போய் எட்டிப் பார்த்தேன். முற்றத்தில் கரும்பச்சை நிறத்தில் நீளமாக ஒன்று நின்றது. நெடுந்தூரம் சொகுசாகப் போவதற்கென்றே அவன் தொழிற்சாலையில் செய்கிற வகை. உள்ளே புகையிலை நிறத் தோல். வெளிநாட்டுக்காரர் ஒருவர் சொல்லிச் செய்து, பிறகு வாங்காமலே போனதால் ஒரு வருடமாக அங்கே தூங்கிக்கொண்டிருந்த வண்டி. பழகின ஆள் என்று எர்மெஸுக்குப் பாதி விலைக்குத் தள்ளிவிட்டார்கள். அந்தப் பாதி விலைதான் எங்கள் கீழ் அறை.

எனக்குப் பித்தம் தலைக்கேறியது. "கீழ ரூமு எங்கடா? பாத்ரூமு எங்க? என் கண்ணு முன்னாடி நிக்காத! அதையும் எடுத்துட்டுப் போயிடு!" என்று கத்தினேன். கையிலிருந்த மாவை அவன்மேல் விட்டெறிந்ததாகவும் ஞாபகம்.

அவன் சாவியை எடுத்துக்கொண்டு இறங்கிப்போனான். அவ்வளவுதான். சண்டைகூடப் போடத் தெரியாத மனுஷனை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அன்றிலிருந்து அந்தக் காரில் உட்காருவதில்லை என்று வைராக்கியம் வைத்தேன். அவனும் வா என்று ஒருநாளும் கூப்பிடவில்லை.

கொட்டகைக்கு இரட்டைக் கதவு போட்டான். ஈரம் ஆகாது என்று ஒரு ஹீட்டர் வைத்தான். மாடியில் நான் இரண்டு கம்பளி போர்த்திக்கொண்டு கிடப்பேன், கீழே கார் கதகதப்பாகத் தூங்கும். மாதத்தின் முதல் ஞாயிறு காலை பத்து மணிக்கு அதை வெளியே எடுப்பான். சும்மாவே நிறுத்தி வைத்தால் ரப்பர் எல்லாம் காய்ந்துவிடுமாம், எண்ணெய் சூடாகிற அளவுக்காவது ஓடவேண்டுமாம். வாசல் கேட்டருகே நிறுத்தி ஒரேயொரு தடவை ஹாரன் அடிப்பான். ஒரு நிமிடம் நிற்பான். பிறகு ஆற்றுப் பாலம் வரைக்கும் போய்த் திரும்புவான். பதினெட்டுக் கிலோமீட்டர். கூடவும் இல்லை, குறையவும் இல்லை. வருடத்துக்கு ஒருமுறை சோதனைக்குத் தொழிற்சாலை வரை போய்வருவது மட்டும் தனி. ஊருக்குப் பவிசு காட்டத்தான் ஹாரன் என்று நான் ஜன்னலைச் சாத்திக்கொள்வேன்.

இப்படியே இருபத்தொன்பது வருடம்.

போன மார்ச்சில் என் இடது இடுப்பு போதும் என்று சொல்லிவிட்டது. லாரியின் கிளட்சை மிதித்து மிதித்துத் தேய்ந்த எலும்பு. மாற்று மூட்டு வைக்க நவம்பர் ஒன்பது என்று தேதி குறித்தார்கள். டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார்: "வீட்ல கீழ்த்தளத்துல கட்டிலும் பாத்ரூமும் இருந்தா வீட்டுக்கு அனுப்பறேன். இருபத்திரண்டு படின்னா முடியாது. மூணு மாசம் முதியோர் ஹோம்லதான் இருக்கணும்."

என் அக்கா எல்தாவும் மூன்று மாதம் என்றுதான் அப்படி ஓர் இல்லத்துக்குப் போனாள். அங்கிருந்து அவள் வீடு திரும்பவேயில்லை. நான் போகமாட்டேன். அதனால் கொட்டகைதான் அறையாக வேண்டும். கொத்தனார் ஐந்து வாரம் கேட்டார். அப்படியானால் அக்டோபர் பிறப்பதற்குள் கார் அங்கிருந்து போயாக வேண்டும், விற்ற பணத்தில்தான் கொத்தனாரும் வரவேண்டும்.

இதைச் சொன்னபோது எர்மெஸ் மறுக்கவில்லை. "வித்துடலாம்" என்றான். எனக்கே ஆச்சரியம். தோரினோவிலிருந்து எங்கள் மகள் இரேனே வந்து, மடியில் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு விளம்பரம் எழுதினாள். இவன் பக்கத்தில் நின்று சொல்லச் சொல்ல அவள் தட்டினாள்.

"நல்லா பராமரிச்சது. ஓட்டம் கம்மி. ஒரே ஓனர்" என்றான். பிறகு என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "ஓனர் ஒரு தடவகூட ஓட்டினதில்லைன்னு சேர்த்துக்க" என்றான்.

"அப்பா, அப்படிப் போட்டா ஆஸ்பத்திரிலேர்ந்து தப்பிச்சு வந்த ஆளுன்னு நெனைப்பாங்க" என்று இரேனே அதை விட்டுவிட்டாள். வயதாகிவிட்டது, புத்தி பிசகுகிறது என்று நானும் விட்டுவிட்டேன்.

ஆட்கள் வந்தார்கள். இங்கேதான் என் வயிற்றெரிச்சல் ஆரம்பம். எங்கள் பக்கத்தில் பசியோடு யாரும் எதையும் விற்கவோ வாங்கவோ மாட்டோம். முதலில் சாப்பாடு, பிறகுதான் சரக்கு. அது சரிதான், நானும் அப்படி வளர்ந்தவள்தான். ஆனால் எர்மெஸ் சாப்பாட்டை வைத்தே ஆளை எடைபோட்டான். தேய்ந்த இடுப்போடு மாவுப் பலகைமுன் நின்று தொர்தெல்லீனி மடிப்பவள் நான். அதைத் தின்றுவிட்டு ஆள் தேறவில்லை என்று முடிவு செய்பவன் அவன். பொலோஞ்ஞாவிலிருந்து வந்தவர் சூப்பில் போட்டிருந்த தொர்தெல்லீனியைப் பார்த்து "கிரீம் இருக்கா?" என்று கேட்டார். எங்கள் பக்கத்தில் அதில் கிரீம் ஊற்றுவது பாவம். அத்தோடு சரி, அவருக்குக் காரைக் கண்ணில்கூடக் காட்டவில்லை. ஒருவன் டயரைக் காலால் உதைத்தான். ஒருவன் மனைவி பச்சை நிறத்தைப் பார்த்துக் "கீரை மசியல்" என்றாள். மிலானோக்காரன் கதவைப் படாரென்று சாத்தினான். எர்மெஸ் முகம் வெளுத்துப்போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டான். என்னமோ அவன் பிள்ளையையே கன்னத்தில் அறைந்துவிட்ட மாதிரி.

ஜூன் மாதம் ரெஜ்ஜோவிலிருந்து ஒரு பல் டாக்டர் வந்தார். சாப்பிட்டார், இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார், லம்ப்ரூஸ்கோ ஒயினைப் புகழ்ந்தார். கதவையும் பதமாக மூடினார். அப்பாடா என்று நான் சிலுவைக்குறி போட்டுக்கொண்டேன். அப்போதுதான் அவர் குனிந்து மீட்டரைப் பார்த்தார்.

"ஆறாயிரத்து அறுநூத்திச் சொச்சமா?" என்று சிரித்தார். "நல்லாருக்கே! திருப்பி வச்சது யாருங்க?"

"யாரும் திருப்பல" என்றான் எர்மெஸ்.

"அட, நமக்குள்ள என்ன சார்? இந்த நாட்டுல எல்லா மீட்டரும் பின்னாடிதான் ஓடும். முப்பது வருஷத்துல ஆறாயிரமா? எங்க ஊரு பாதிரியார் சைக்கிள்கூட இதைவிட ஓடியிருக்கும். உண்மையச் சொல்லுங்க, அறுபதாயிரமா, லட்சமா? அதுக்கேத்த மாதிரி வெலைய முடிச்சிக்கலாம்."

எர்மெஸ் மெதுவாகப் போய்க் கொட்டகைக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றான். "வெளிய போங்க" என்றான். பல் டாக்டர் என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன்.

அவர் போனபிறகு வெடித்தேன். "அந்த ஆளு சொன்னதுல என்ன தப்பு? எவன் நம்புவான்? ஓட்டாத காரை எதுக்குடா வாங்கின? ஓட்டறதும் இல்ல, விக்கறதும் இல்ல. நான் ஹோமுக்குப் போனப்புறம் கீழ வந்து இதோட குடும்பம் நடத்தப்போறியா?"

"நீ ஹோமுக்குப் போகமாட்ட."

"எப்படிப் போகாம இருப்பேன்? கார் மேல கட்டிலப் போட்டுக்கட்டுமா?"

"ஆளு கெடைக்கும்" என்றான். பிறகு துணியை எடுத்துக்கொண்டு, பல் டாக்டரின் கை பட்ட இடத்தைத் துடைக்கப் போய்விட்டான்.

ஜூலை, ஆகஸ்ட் போயின. ஒன்பது பேர், ஒன்பது வேளைச் சாப்பாடு. செப்டம்பர் பாதியில் என்னால் மாவுப் பலகைமுன் நிற்க முடியவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து மடித்தேன். ஒருநாள் மடித்துக்கொண்டிருக்கும்போதே அழுகை வந்துவிட்டது. எல்தா அக்காவின் செருப்பை அந்த இல்லத்திலிருந்து ஒரு பையில் போட்டுக் கொடுத்தனுப்பினார்கள். அது நினைவுக்கு வந்தது. எர்மெஸ் பார்த்துவிட்டு, வந்து எதிரே உட்கார்ந்து மடிக்க ஆரம்பித்தான். அவன் மடித்தது ஒன்றும் மூடிக்கொள்ளவில்லை. கதவு மாட்டின கை!

செப்டம்பர் கடைசி வாரம் ஒர்னெல்லா வந்தாள். மலைப்பக்கத்து மாட்டு டாக்டர். நாற்பது நாற்பத்தைந்து வயது, காலில் ரப்பர் பூட்ஸ், ஜீப்பு நிறையச் சாணி வாசனை. கொடுத்ததைச் சாப்பிட்டாள், தட்டை ரொட்டியால் துடைத்தாள், "அம்மா, இதுல ஜாதிக்காய் சரியா விழுந்திருக்கு" என்று மட்டும் சொன்னாள். கீழே போனதும் காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். சினைமாட்டைப் பார்ப்பது போலக் கையைப் பக்கவாட்டில் வைத்துத் தடவினாள். டார்ச் அடித்துக்கொண்டு அடியில் படுத்துப் பார்த்தாள். எழுந்து, கதவைத் திறந்து, ஒரு விரலால் தள்ளினாள். அது தானாகப் போய் மூடிக்கொண்டது. அவள் தலையைச் சாய்த்து அந்தச் சத்தத்தைக் கேட்டாள். மறுபடி திறந்து மறுபடி கேட்டாள்.

"இந்தக் கதவை மாட்டினவரு யாரு?" என்றாள்.

எர்மெஸ் தொண்டையைக் கனைத்துக்கொண்டான். "நான்தான்."

"கிலோமீட்டர் நெஜமா?"

"நெஜம்."

"சரி" என்றாள். அவ்வளவுதான். நம்பிவிட்டாள்.

"ஓட்டிப் பாக்க வேணாமா?" என்று நான் கேட்டேன்.

"எனக்குன்னு ஆனப்புறம் ஓட்டறேன். அடுத்தவங்க வண்டியில எதுக்குக் கைவைக்கணும்?"

எர்மெஸ் அவளைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். குற்றம் கண்டுபிடிக்க ஏதாவது கிடைக்குமா என்று தேடுகிறான், கிடைக்கவில்லை. கடைசியில் அவள் கையைப் பிடித்துக் குலுக்கினான். குலுக்கிய கையை அவன் உடனே விடாததை நான் பார்த்தேன். பார்த்தும், தொலைந்தது சனியன் என்றுதான் நினைத்தேன்.

எர்மெஸ் செவ்வாய்க்கிழமை எதிலும் கையெழுத்துப் போடமாட்டான். அதனால் புதன்கிழமை காலை பக்கத்து ஊரில் வண்டிப் பெயர் மாற்றும் ஏஜென்சிக்குப் போனோம். அவன் காரை ஓட்டிக்கொண்டு போனான். நான் என் வைராக்கியத்தைக் கடைசி நாளில் எதற்கு விடவேண்டும் என்று ஒர்னெல்லாவின் ஜீப்பில் போனேன். ஏஜென்சியில் கண்ணாடி போட்ட ஒரு பையன் எர்மெஸ் கொண்டுவந்த பழைய கோப்பைப் பிரித்தான். கிலோமீட்டர் கேட்டான். "ஆறாயிரத்து எழுநூற்றுப் பன்னிரண்டு" என்று எர்மெஸ் சொன்னான். பையன் எழுதிக்கொண்டான்.

"விக்கறவங்க அடையாள அட்டை?" என்றான்.

நான் எர்மெஸைப் பார்த்தேன். எர்மெஸ் தன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"எடுத்துக் குடேன்" என்றேன்.

"அவரோடது வேணாம்மா" என்றான் பையன். "உங்களோடது. நீவெஸ் பெர்கொன்ஸீனி நீங்கதானே? ஓனர் நீங்கதான். தொண்ணூத்தி நாலு செப்டம்பர்லேர்ந்து."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பையன் காகிதத்தைத் திருப்பிக் காட்டினான். என் பெயர். கல்யாணத்துக்கு முன்னும் பின்னும் மாறாத என் அப்பா வீட்டுப் பெயர். கீழே என் கையெழுத்து. அதை எப்போது போட்டேன்? கேஸ், டெலிவிஷன் லைசென்ஸ், மின்சாரம் என்று இவன் நீட்டுகிற காகிதத்தில் எல்லாம் படிக்காமல் போட்டுத் தள்ளியிருக்கிறேன். தபால்பெட்டிச் சாவியும் இவனிடம்தான். கார் பற்றி வந்த ஒரு கடிதத்தைக்கூட நான் பார்த்ததில்லை.

"அட, இது சகஜம்தாம்மா" என்று பையன் சமாதானம் சொன்னான். "பெரிய கார் வாங்கினா வரிக்காரங்க வந்து நிப்பாங்கன்னு பொண்டாட்டி பேர்ல போட்டுடுவாங்க. இங்க பாதிப் பேரு அப்படித்தான்."

"வரிக்குப் பயந்து என் தலைல கட்டினியா?" என்று நான் ஆரம்பித்தேன். பையனுக்கு முன்னால், ஒர்னெல்லாவுக்கு முன்னால், வரிசையில் நின்ற நான்கு பேருக்கு முன்னால்.

எர்மெஸ் முதல் தடவையாக என்மேல் குரலை உயர்த்தினான். "வரியா? நான் ஒழுங்கா வரி கட்டினவன்! உனக்கு வாங்கினேன்!"

வரிசையில் நின்றவர்கள் எங்கள் பக்கம் திரும்பினார்கள்.

"இருபத்திரெண்டு வருஷம் பால் லாரி ஓட்டின" என்றான். இப்போது குரல் இறங்கிவிட்டது. "ஹீட்டர் கெடயாது, சீட்டுல ஸ்பிரிங்கு குத்தும். நாங்க ஊருக்கெல்லாம் செஞ்சு அனுப்பறோம், யார் யாரோ ஓட்டறான். நல்லா ஓட்டத் தெரிஞ்ச ஆளு என் வீட்ல இருக்கா. ஒண்ணு அவளுக்கு இருக்கட்டுமேன்னு வாங்கினேன்."

"இதை ஏன்டா சொல்லல?"

"சாவியை உன் பக்கத்துல வச்சேனே. யாரோடதுன்னு கேட்ட. சொல்ல வந்தேன். கண்ணு முன்னாடி நிக்காதன்னுட்ட."

"அது ஒரு நாள்! அதுக்கப்புறம் இருபத்தொம்பது வருஷம் இருந்துதே!"

"நீயா கேப்பன்னு இருந்தேன்" என்றான்.

அவனை அங்கேயே நாலு சாத்து சாத்தவேண்டும் போல இருந்தது. கட்டிப்பிடித்துக்கொள்ளவேண்டும் போலவும் இருந்தது. இரண்டுக்கும் இடுப்பு ஒத்துழைக்காது. இன்றைக்கும் சொல்கிறேன், அவன் செய்தது தப்புத்தான். எனக்கு வேண்டியது கீழே ஓர் அறை, என்னைக் கேட்காமல் அதைக் காராக்கிவிட்டு, பரிசு என்பதையும் சொல்லாமல் அடைகாத்தவன். ஆனால் ஒரு நிமிடம், ஒரேயொரு நிமிடம் நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதுமாயிருந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

நான் கையை நீட்டினேன். "சாவி."

"நீவெஸ், உன் இடுப்பு..."

"என் காரு, என் இடுப்பு. சாவியக் குடு."

ஒர்னெல்லா ஜன்னலோரம் போய் உட்கார்ந்துவிட்டாள். "கடை பன்னெண்டரைக்குத்தான் மூடுவாங்கம்மா. நான் இங்கயே இருக்கேன்" என்றாள்.

ஓட்டும் இருக்கையில் என்னை உட்கார வைக்க எர்மெஸுக்கும் ஒர்னெல்லாவுக்கும் ஐந்து நிமிடம் பிடித்தது. அவ்வளவு தாழ்வான இருக்கை. கிளட்ச் கல் மாதிரி இருந்தது. ஒவ்வொரு மிதிக்கும் இடுப்பில் மின்னல் வெட்டியது. ஆனாலும் முதல் திருப்பத்திலேயே தெரிந்துவிட்டது, இந்த வண்டி நான் நினைக்கிற இடத்துக்கு நினைக்கிற நேரத்தில் போகும் என்று. லாரியோடு இருபத்திரண்டு வருடம் மல்லுக்கட்டியவளுக்கு அது எப்படி இருந்தது என்று எப்படிச் சொல்வேன்? வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். எர்மெஸ் பக்கத்து இருக்கையில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பாதிரியார் மாதிரி முணுமுணுத்துக்கொண்டிருந்தான்.

பாலத்துக்கு வந்தோம். "இங்கதான் நான் திரும்புவேன்" என்றான்.

"நான் திரும்பமாட்டேன்" என்று மலைச் சாலையில் ஏற்றினேன். வளைவுக்கு மேல் வளைவு.

"கிலோமீட்டர் ஏறுது, நீவெஸ்! எழுதியாச்சு அங்க!"

"அடிச்சிட்டு எழுதச் சொல்லு. என் காரு, என் கிலோமீட்டர்."

கஷ்கொட்டைக் காட்டுக்குப் பக்கத்தில் நிறுத்தினேன். இடுப்பு இனி முடியாது என்றது. பிறகு எனக்கு ஒன்று உறைத்தது. "மாசாமாசம் வாசல் கேட்டுக்கிட்ட நின்னு ஹாரன் அடிப்பியே, அது எதுக்கு?" என்று கேட்டேன்.

"உன்னத்தான் கூப்பிட்டேன்."

"வாய் இல்லையா உனக்கு? நீவெஸ், வர்றியான்னு ஒரு வார்த்தை சொல்ல வாய் இல்லையா?"

அவன் கண்ணாடி வழியே காட்டைப் பார்த்தான். "வரலைன்னு சொல்லிட்டா?" என்றான்.

முந்நூற்று நாற்பத்தெட்டு ஞாயிற்றுக்கிழமை. நான் ஜன்னலைச் சாத்தியிருக்கிறேன். அங்கே உட்கார்ந்து அழுதுவிட்டுத்தான் வண்டியைத் திருப்பினேன்.

பன்னிரண்டு பத்துக்கு ஏஜென்சிக்கு வந்து சேர்ந்தோம். பையன் எண்ணை அடித்துவிட்டு ஆறாயிரத்து எழுநூற்று எண்பத்தொன்பது என்று எழுதினான். ஒர்னெல்லா ஒன்றும் கேட்கவில்லை. நான் கையெழுத்துப் போட்டேன். இந்தத் தடவை ஒவ்வொரு வரியும் படித்துவிட்டுப் போட்டேன். விற்காமல் இருந்திருக்கலாமே என்று இரேனே போனில் அழுதாள். எப்படி இருப்பது? இருபத்திரண்டு படி அப்படியேதான் இருக்கிறது. அவளுக்கென்ன, தோரினோவில் லிஃப்ட் வைத்த வீட்டில் இருக்கிறாள். நாங்கள் பஸ்ஸில் வீட்டுக்கு வந்தோம். எர்மெஸ் பஸ் கதவு மூடும் சத்தத்துக்கு முகம் சுளித்தான்.

நவம்பரில் மூட்டு மாற்றினார்கள். மாதக் கடைசியில் நேராக வீட்டுக்கு வந்து, கார் நின்ற இடத்தில் போட்ட கட்டிலில் படுத்தேன். அதே ஹீட்டர்தான். குளியலறைக் கதவை எர்மெஸ் மூன்று தடவை கழற்றி மாட்டினான், கொத்தனார் என்னிடம் வந்து அழுதார். உண்மையைச் சொன்னால் இப்போது இவன் தொல்லை முன்னைவிட அதிகம். வாய் திறந்துவிட்டதல்லவா? சூப்பில் உப்புப் போதுமா, தலையணை உயரம் சரியா, ஜன்னல் திறக்கவா, மூடவா? ஒரு நாளைக்கு நாற்பது கேள்வி. பேசாமல் இருந்தபோதே நிம்மதியாக இருந்தேனோ என்றுகூட நினைக்கிறேன்.

டிசம்பர் முதல் ஞாயிறு. வெளியே மூடுபனி. வாசல் கேட்டுக்கூடத் தெரியவில்லை. பத்து மணிக்கு நான் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இருபத்தொன்பது வருடத்துப் பழக்கம், காது ஹாரனுக்குக் காத்திருந்தது. கதவு திறந்தது. எர்மெஸ் நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டு, கையில் என் நடைவண்டியோடு நின்றான். ஒருமுறை தொண்டையைக் கனைத்தான். இன்னொரு முறையும் கனைத்தான்.

"நீவெஸ்," என்றான், "கேட்டு வரைக்கும் போலாமா? வர்றியா?"

"என் கோட்டை எடுத்துக் குடு" என்றேன்.